கேட்டது போல் தலையசைத்த நாட்கள்

 

இம்மாதம் என்னைப் பற்றிய ஒரு செய்தியை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியவனாக இருக்கிறேன். பிறருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவன் தன் குறையைத் தானே எடுத்துச் சொல்வது எளிதன்று. பல மாதங்கள் தள்ளிப்போட்டேன். இனியும் தள்ளிப்போட்டால், எதைப் பற்றி உங்களுக்கு எழுத விரும்புகிறேனோ அதையே நான் பொய்யாக்கியவன் ஆவேன்.

மதரஸாவில் சிறுமியர் வகுப்பு. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி ஓதிக் கொண்டிருந்தாள். வழக்கம்போல் நான் தலையசைத்து, "சரி, மேலே ஓது" என்றேன். பக்கத்தில் இருந்தவள் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினாள். "உஸ்தாத், அவ 'ஸா'வை 'ஸீன்' மாதிரி ஓதுறா. நேத்தும் அப்படித்தான் ஓதுனா. நீங்க சரின்னீங்க."

அவள் சொன்னது உண்மை. எனக்கு அந்த வேறுபாடு கேட்கவில்லை. நேற்றும் கேட்கவில்லை. எத்தனை நாட்களாகக் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியாது. தமிழில் ஒரே 'ஸ'வாக நாம் எழுதிவிடும் ஸா, ஸீன், ஸாத் என்னும் மூன்று எழுத்துகளையும் அதனதன் இடத்திலிருந்து எழுப்பக் கற்றுக் கொடுப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பிள்ளை என் எதிரே முகம் நிமிர்த்தி ஓதினால், நாவின் நுனி பற்களுக்கிடையே வருவதைப் பார்த்துப் புரிந்து கொண்டிருந்தேன். அதாவது, காதால் கேட்கவில்லை. கண்ணால் கேட்டுக் கொண்டிருந்தேன். கிதாபில் முகம் புதைத்து ஓதும் பிள்ளை தப்பித்துக் கொண்டாள். இல்லை, தப்பித்தவன் நான். அகப்பட்டவள் அந்தப் பிள்ளை. பிழையைச் சரியென்று அவளுக்குக் கற்பித்தவன் நானே!

என் இல்லாள் இதனை ஓராண்டுக்கு முன்பே கண்டுவிட்டாள். "ஏங்க, அடுப்படியிலிருந்து மூணு தடவ கூப்பிட்டேன்" என்பாள். கிதாபில் மூழ்கியிருந்தேன் என்பேன். ஓதிப் படித்தவர் என்ற மரியாதையால் அவளும் அதை ஏற்றுக்கொண்டதாகக் காட்டிக் கொள்வாள்.

மாவட்டத் தலைநகரிலுள்ள காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் சென்றேன். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, சீழ் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். அப்படி ஏதேனும் இருந்தால் அதற்கு வைத்தியம் வேறு. எனக்கு அது இல்லை. பின்னர் ஒலி புகாத சிறு அறையில் உட்கார வைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளிவந்த வரைபடத்தில் கோடு ஒரு பக்கம் சமதரையாகச் சென்று, மறுபக்கம் மலைச்சரிவுபோல் இறங்கியது. தடித்த ஒலிகள் எனக்குக் கேட்கின்றன. மெல்லிய கூர்மையான ஒலிகள் கேட்கவில்லை. பேச்சில் 'அ', 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகள் தடித்தவை. 'ஸ', 'ஃப', 'த' போன்றவற்றின் கூர்மை மேல்தட்டில் இருக்கிறது. ஆகவே என்னைப் போன்றவன், பேசுகிறார்கள் என்பதை நன்றாகக் கேட்பான்; என்ன பேசுகிறார்கள் என்பதைத் தவற விடுவான். "வேணும்கிறப்ப கேக்குது, வேணாம்கிறப்ப கேக்கல" என்று வீடுகளில் பெரியவர்களைக் கேலி செய்கிறோமே, அதன் மறைபொருள் இதுதான். அவர்கள் நடிக்கவில்லை. ஒலி வருகிறது, சொல் வருவதில்லை.

நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவரைக் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும், 70 டெசிபலும் அதற்கு மேலும் இழந்தவரைச் செவிடர் என்றும் வரையறுக்கிறது. என் இழப்பு அதற்கெல்லாம் கீழே. சட்டத்தின் கண்ணுக்கு நான் முழுமையாகக் கேட்பவன்! ஆனால் ஒரு மதரஸா வகுப்பை நடத்தப் போதுமான அளவு கேளாதவன். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, ஏதேனும் ஓர் அளவில் செவித்திறன் குறைந்தவர்கள் உலகில் 150 கோடிக்கும் மேல் என்கிறது. அவர்களுள் மருத்துவமோ கருவியோ பயிற்சியோ தேவைப்படுவோர் 43 கோடி. மற்றவர்கள் என் போன்றோர். எந்தப் பட்டியலிலும் இல்லாமல், தலையசைத்துக் கொண்டே காலம் தள்ளுவோர்.

கருவி வாங்கினேன். வாங்கி, நான்கு மாதம் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு என் வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபது வயதைத் தாண்டியதும் வாப்பாவுக்குச் செவி மங்கியது. விருந்துகளில் எல்லோரும் சிரித்து முடிக்கும் தறுவாயில் வாப்பா சிரிப்பார்கள். ஒரு கணம் பிந்தி வரும் அந்தச் சிரிப்பைப் பேரப்பிள்ளைகள் நடித்துக் காட்டுவார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அச்சிரிப்பு மட்டும் வாப்பாவுக்கு நன்றாகப் புரிந்திருக்க வேண்டும். சிறிது காலத்தில், முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிக் கல்யாண வீடுகளுக்கு வருவதை நிறுத்தினார்கள். பிறகு வெள்ளிக்கிழமை பயானுக்கு முன்னதாகப் போவதையும் நிறுத்தி, தொழுகை நேரத்திற்கு மட்டும் போய் வந்தார்கள். "வாப்பாவுக்கு முன்போல் ஈடுபாடு இல்லை" என்று நானே ஒருமுறை உம்மாவிடம் சொன்னேன். அறிவில்லாத பேச்சு! முழங்கால் வலி இல்லாமலே ஒரு மனிதர் ஆறு ஆண்டுகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை அப்போது நாங்கள் எவரும் காணவில்லை. கருவியைக் கையில் எடுத்தபோதெல்லாம் அந்தப் பிந்திய சிரிப்பு நினைவுக்கு வந்தது. இதை மாட்டிக்கொண்டால் நானும் அந்தத் திண்ணைக்குப் போய்விடுவேன் என்று அஞ்சினேன். மாட்டிக் கொள்ளாதவர்களே திண்ணைக்குப் போகிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது.

அதை எனக்கு விளக்கியவர், பரிசோதனை செய்த இளைஞர். அவரே இரு காதிலும் கருவி அணிந்தவர். கல்லூரியில் இலக்கியம் படித்த காலத்திலிருந்து, கையில் கிடைத்த தாளையெல்லாம் வாசித்துவிடும் பழக்கம் எனக்குண்டு. அதைத் தெரிந்து கொண்டவர் போல், அமெரிக்கர் ஒருவரைப் பற்றிய சில பக்கங்களைத் தந்தார். அம்மனிதரின் பெயர் ஹோவர்ட் ஸ்டோன். 'ராக்கி' ஸ்டோன் என்றே எல்லோரும் அழைத்தனர். 1925இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவத்தில் இருந்தபோது, இளம் வயதிலேயே செவித்திறனைப் பெருமளவு இழந்தவர்.

போருக்குப் பின் அவர் செய்த வேலை என்ன தெரியுமா? அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யில் அதிகாரி! 1953இல் ஈரானில் முஸத்திக் அரசு கவிழ்க்கப்பட்ட சதியில் பங்கு கொண்டவர். 1957இல் சிரியாவின் ஆட்சியைக் கவிழ்க்கச் செய்த முயற்சி வெளிப்பட்டதால் டமாஸ்கஸிலிருந்து வெளியேற்றப்பட்டவர். இந்த வரிகளைப் படித்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். ஈரானியரும் சிரியரும் அவரை நினைக்க வேண்டிய விதம் வேறு. அந்தக் கணக்கை இங்கே நான் தீர்க்கப் போவதில்லை. ஆனால் பிறருடைய இரகசியங்களைக் கேட்டறிவதே தொழிலான ஒருவர், எதிரே இருப்பவர் பேசுவதையே கேட்க இயலாமல் கால்நூற்றாண்டு அத்தொழிலில் காலம் கழித்தார் என்பது என்னை மீண்டும் அத்தாளை எடுக்க வைத்தது.

ஓய்வு பெற்றபின், 1979இல், மேரிலாந்து மாநிலத்தின் பெத்தெஸ்டா நகரில் அவர் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். செவித்திறன் குறைந்தோர் தமக்குத் தாமே உதவிக் கொள்ளும் சங்கம் என்பது அதன் பெயரின் பொருள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால், நாம் வாயில் விரல் வைத்து 'உஷ்' என்போமே, அந்த ஒலி வரும். தம் குறையைத் தாமே எள்ளி நகைத்து வைத்த பெயர் போலும்! பிற்காலத்தில் அப்பெயர் மாறி, அமெரிக்கச் செவித்திறன் இழப்புச் சங்கம் என்றாயிற்று. ஸ்டோன் 2004இல் காலமானார். சங்கம் இன்றும் இருக்கிறது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பிறவியிலேயே செவி கேளாதவர்களுக்குக் கைச்சைகை மொழி உண்டு, பள்ளிகள் உண்டு, அவர்களுக்கென ஒரு சமூகமே உண்டு. நடுவயதில் கேள்வியை இழப்பவருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. சைகை அவருக்குத் தெரியாது, அவர் வீட்டாருக்கும் தெரியாது. அவர் மொழி பேச்சுமொழி; அது கையிலிருந்து நழுவிக் கொண்டிருக்கிறது. இரு கரைக்கும் நடுவே நிற்கும் இந்தக் கூட்டத்தைத்தான் ஸ்டோன் ஒன்று சேர்த்தார். ஊருக்கு ஊர் கிளைகள் எழுந்தன. கிளையை நடத்துபவர் சம்பளக்காரர் அல்லர். தாமும் கேட்கும் திறனை இழந்த தொண்டர். ஓய்வு பெற்ற ஆசிரியராக இருப்பார், கடைக்காரராக இருப்பார், இல்லத்தரசியாக இருப்பார். புதிதாக வருபவரிடம் "நானும் உன்னைப் போலத்தான்" என்று சொல்லக்கூடியவர் என்பதே அவருடைய தகுதி. மருத்துவர் சொன்னால் அறிவுரை; இவர் சொன்னால் சாட்சியம். இழுப்பறையிலிருந்து கருவியை எடுக்க வைப்பது இந்தச் சாட்சியம்தான். என்னை எடுக்க வைத்ததும் இரு காதிலும் கருவியணிந்த அந்த இளைஞரே அன்றி, மருத்துவர் அல்லர்.

அவர்கள் தங்களுக்குள் ஆறுதல் பேசிக் கலைந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அரசின் கதவையும் தட்டினார்கள். காதுக் கருவியோடு ஒத்துப்போகும் தொலைபேசிகள் வேண்டும் என்ற சட்டம் அங்கு 1988இல் வந்தது. 1990இல் ஊனமுற்றோர்க்கான பெருஞ்சட்டம் வந்தது. அதே ஆண்டில் நிறைவேறிய இன்னொரு சட்டத்தினால், 1993 ஜூலை முதல் அங்கு விற்கப்படும் 13 அங்குலமும் அதற்கு மேலுமான தொலைக்காட்சிப் பெட்டிகள் அனைத்திலும், பேச்சை எழுத்தாகத் திரையில் காட்டும் அமைப்பு உள்ளேயே இருக்க வேண்டும் என்றாயிற்று. இவையெல்லாம் ஒரு சங்கத்தால் மட்டும் வந்தவை அல்ல. பலர் சேர்ந்து இழுத்த தேர். மிதமான குறையுள்ள பெரியவர்கள் மருத்துவச் சீட்டு இல்லாமலே கடையில் கருவி வாங்கிக் கொள்ளலாம் என்ற விதி 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதற்காகக் குரல் கொடுத்தோரில் இச்சங்கத்தாரும் இருந்தனர். கருவியின் விலைதான் அங்கும் பெரும் தடை. இங்கு மட்டும்தான் அப்படி என்று நினைத்துக் கொண்டிருந்தேன்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கதை சட்டத்தால் நடந்தது அன்று. சட்டம் தொடாத இடத்தில் நடந்தது.

டேவிட் மையர்ஸ் என்பவர் மிச்சிகன் மாநிலத்தின் ஹாலந்து என்னும் சிற்றூரில் உளவியல் பேராசிரியர். அவருடைய தாயாருக்குச் செவி கெட்டது; அதே வழியில் தமக்கும் கெடுகிறது என்பதை அவர் கண்டார். 1999இல் ஸ்காத்லாந்தின் அயோனா தீவிலுள்ள பழைய மடாலயத்தில் வழிபாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். உயர்ந்த கல் சுவர்கள். ஒலி முட்டி மோதி எதிரொலித்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. சுவரில் ஓர் அடையாளத்தைப் பார்த்த மனைவியார், காதுக் கருவியின் விசையை மாற்றச் சொன்னார். மாற்றினார். மறுகணம் பேசுபவரின் குரல் அவருடைய தலைக்குள்ளேயே தெளிவாக ஒலித்தது!

மந்திரம் ஒன்றுமில்லை. கூடத்தைச் சுற்றி ஒரு கம்பி ஓடுகிறது. ஒலிவாங்கியில் விழும் பேச்சு மின்னோட்டமாகி அக்கம்பியில் பாய்கிறது. அங்கே ஒரு காந்தப்புலம் உண்டாகிறது. பல காதுக் கருவிகளுக்குள் மயிரிழைச் செப்புக் கம்பியால் சுற்றிய சிறு சுருள் ஒன்று உண்டு, 'டெலிகாயில்' என்பார்கள். அது அந்தக் காந்தப்புலத்தைப் பற்றி மீண்டும் ஒலியாக்குகிறது. நடுவிலே காற்று இல்லை, எதிரொலி இல்லை, மின்விசிறி இரைச்சல் இல்லை, பக்கத்தில் இருமுபவர் இல்லை. பேசுபவரின் வாய்க்கும் கேட்பவரின் காதுக்கும் இடையே இருந்த நாற்பது அடி தூரம் மறைந்து போகிறது. தனியாகத் தலையில் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்பதால், "நான் கேளாதவன்" என்று கூட்டத்தின் நடுவே அறிவித்துக் கொள்ளவும் வேண்டாம். கம்பியே இல்லாமல் ஒலியைப் பரப்பும் 'ஆரகாஸ்ட்' என்ற முறை 2022இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் பழைய கம்பி வளையம் இன்னும் பணியாற்றிக் கொண்டுதான் இருக்கிறது.

மையர்ஸ் ஊர் திரும்பினார். மேலே சொன்ன 1990ஆம் ஆண்டுப் பெருஞ்சட்டம் அரங்குகளைக் கட்டுப்படுத்தும். வழிபாட்டுத் தலங்களைக் கட்டுப்படுத்தாது. எனவே "சட்டப்படி செய்யுங்கள்" என்று எந்தத் தேவாலயத்தாரிடமும் சொல்ல முடியாது. அவர் தம் ஊரில் தொடங்கி, ஒவ்வோர் இடமாகச் சென்று கேட்டார், எழுதினார். மேற்கு மிச்சிகனில் நூற்றுக்கணக்கான வழிபாட்டுக் கூடங்களில் அவ்வளையம் வந்தது. கிராண்ட் ராபிட்ஸ் விமான நிலையத்திலும் வந்தது. 2010இல் ஸ்டோனின் சங்கமும் செவியியல் வல்லுநர்களின் அமைப்பும் சேர்ந்து அதை நாடு தழுவிய இயக்கமாக்கின. எந்தப் பதவியினாலும் அன்று. தமக்குக் கேட்கவில்லை என்று வாய்திறந்து சொன்னதனால் அவர் இதைச் செய்தார். கேட்பவர்களுக்கு இப்படியொரு தேவை இருப்பதே தெரியாது. கேளாதவர்கள் வெட்கத்தால் சொல்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒருவர் எழுந்து நின்றாக வேண்டும்.

இவ்விடத்தில் நம் கிதாபுகளில் வரும் இரு பெரியார்கள் நினைவுக்கு வருகிறார்கள். இருவருக்கும் 'அல்அஸம்' என்பதே பட்டப்பெயர்; செவி கேளாதவர் என்று பொருள். ஹாதிம் அல்அஸம் (ரஹ்) அவர்களை நீங்கள் அறிவீர்கள். விளக்கம் கேட்க வந்த பெண்மணி ஒருவர் தம்மையறியாமல் நேர்ந்த ஓர் ஒலிக்காக நாணி நின்றபோது, அவர் மனம் நோகாதிருக்கத் தமக்குக் காது கேளாதது போல் காட்டிக் கொண்டார்கள். பிறகும் அப்படியே நடந்து கொண்டார்கள் என்று சொல்வார்கள். கேட்பவர் ஒருவர் பிறர் மானம் காக்கக் கேளாதவராக நடித்தார். நாமோ, நம் மானம் காக்க, கேளாதவர் கேட்பவராக நடிக்கிறோம்!

மற்றவர் உண்மையிலேயே கேட்கும் திறனை இழந்தவர். நைசாபூரைச் சேர்ந்த ஹதீஸ் அறிஞர் அபுல் அப்பாஸ் அல்அஸம் (ரஹ்). ஹிஜ்ரி 247இல் பிறந்து 346இல் மறைந்தவர்கள். இளமையில் தந்தையாருடன் பல நாடுகள் சென்று ஹதீஸ்களைக் கேட்டு எழுதி வந்தார்கள். ஊர் திரும்பியபின் செவி மங்கியது; கழுதை கத்துவதும் கேட்காத அளவுக்கு முற்றியது. அதன் பின்னரும் பல்லாண்டுகள் பாடம் சொன்னார்கள்; மொத்தம் எழுபத்தாறு ஆண்டுகள் ஹதீஸ் அறிவித்ததாக வரலாறு சொல்கிறது. அவர்களிடம் கேட்பதற்காகத் தொலைதூரங்களிலிருந்து மாணவர் திரண்டனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மாணவர் ரபீஉ (ரஹ்) அவர்களிடமிருந்து அந்நூல்களைக் கேட்டுப் பின்வந்தோர்க்குச் சேர்த்தவர்கள் இவர்களே. கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபில் வாழும் நம் போன்றோர், செவியிழந்த ஒருவரின் வாய் வழியாக வந்த கல்வியைத்தான் கையில் வைத்திருக்கிறோம். அவர்களுக்கு அந்த 'அஸம்' என்ற பட்டம் பிடிக்காது என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த மனிதருக்குத்தான் பிடிக்கும்?

இறுதிக் காலத்தில் கண்பார்வையும் போயிற்று. கேட்கவும் இயலாது, காணவும் இயலாது. வந்தவர்கள் அவர்களுடைய கையில் ஓர் எழுதுகோலை வைப்பார்களாம். ஹதீஸ் கேட்க ஆள் வந்திருக்கிறது என்று அதைக் கொண்டு அறிந்து, மனப்பாடமாக இருந்த பதினான்கு ஹதீஸ்களையும் ஏழு வரலாறுகளையும் அறிவிப்பார்களாம். அந்த எழுதுகோல் எவருடைய யோசனையோ தெரியவில்லை. மாணவர்கள் "பாவம், வயதாகிவிட்டது" என்று திரும்பிப் போகவில்லை என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கிறேன்.

நம் வீடுகளில் அந்த எழுதுகோல் எது? மிக எளியவை. பேசுவதற்கு முன் பெயர் சொல்லி அழைத்து, முகம் உங்கள் பக்கம் திரும்பியபின் பேசுங்கள். அடுத்த அறையிலிருந்து கூப்பிடாதீர்கள். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழட்டும். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு பேசினால் பாதிச் செய்தி போயிற்று. கத்தாதீர்கள், கத்தும்போது சொல் உடைகிறது, முகமும் கடுகடுக்கிறது. ஒரு வாக்கியம் விளங்காவிட்டால் அதையே மூன்று தடவை சொல்வதை விட, வேறு சொற்களில் ஒரு தடவை சொல்வது மேல். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. "என்ன சொன்னீங்க?" என்று அவர் கேட்கும்போது "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று சொல்லாதீர்கள். வாப்பாவிடம் நான் அதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அவர்களுக்குக் கேட்காமற் போனது ஒரு சொல். நான் சாத்தியது கதவை.

சகோதரிகள் சிலர், கருவியோடு உளூச் செய்யலாமா என்று என் இல்லாளிடம் கேட்டிருக்கிறார்கள். கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். காதுக்கு மஸஹு செய்தபின் ஈரம் துடைத்து மாட்டிக் கொள்ளுங்கள். ஈரம் கருவியைக் கெடுக்கும்; ஆகவே கருவிக்கும் அதுவே நல்லது.

சரி, நான் செய்தது என்ன? மறுநாள் கருவியை அணிந்துகொண்டு சிறுமியர் வகுப்புக்குப் போனேன். "உஸ்தாதுக்குச் சில எழுத்துகள் சரியாகக் கேட்காது. கிதாபைத் தாழ்த்தி, முகத்தை நிமிர்த்தி ஓதுங்கள். நான் தவறவிட்டால் கையை உயர்த்துங்கள்" என்றேன். நாணத்தால் தொண்டை அடைத்தது. பிள்ளைகளுக்கோ அது ஒரு விளையாட்டு போலாயிற்று. இப்போது எதற்கெடுத்தாலும் கை உயர்கிறது! பழைய பாடங்களைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஓதச் செய்து வருகிறேன். முதலில் கையை உயர்த்திய அந்தச் சிறுமிக்கு என் எழுதுகோல் ஒன்றைப் பரிசளித்தேன்.

பிறகு ஜமாஅத் நிர்வாகிகளின் கூட்டத்தில் கம்பி வளையத்தைப் பற்றி எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். "உஸ்தாத், இன்னும் ரெண்டு ஸ்பீக்கர் கூடுதலா வச்சா போதாதா?" என்றார் ஒருவர். ஸ்பீக்கர் கூடினால் பளிங்குத் தரையிலும் உயர்ந்த கூரையிலும் எதிரொலிதான் கூடும், சொல் தெளியாது என்று விளக்கினேன். செலவு கேட்டார்கள், சொன்னேன். கழிப்பிடப் பணி முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றார்கள். நியாயமான பதில்தான், மறுப்பு என்று நான் எடுத்துக் கொள்ளவில்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்பேன். ஒன்றை மட்டும் கவனித்தேன். கூட்டம் முடிந்ததும் நிர்வாகிகளில் இருவர் தனித்தனியே வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி மெல்லிய குரலில், "அந்தக் கருவி எங்க வாங்குனீங்க?" என்றார்கள். மெல்லிய குரல் என்பதால் இருவரையும் இரண்டு முறை கேட்க வேண்டியதாயிற்று.

வளையம் வரும்வரை சும்மா இருப்பதா? வியாழன் இரவு இமாம் அவர்களிடம் மறுநாள் பயானின் சாரத்தைக் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதுகிறேன். மாணவன் ஒருவன் நகலெடுத்து வருகிறான். பயான் தொடங்குமுன், தூண் ஓரமாக உட்காரும் பெரியவர்களின் கையில் கொடுத்து விடுகிறோம். முதல் வாரம் ஐந்து தாள்; மூவர் வாங்கினார்கள், இருவர் "எனக்கு நல்லாக் கேக்குதே" என்று திருப்பித் தந்தார்கள். சென்ற வாரம் பன்னிரண்டு தாளும் தீர்ந்துவிட்டன.

அவர்களுள் கொழும்பில் கடை வைத்திருந்து திரும்பிய பெரியவர் ஒருவர். என் வாப்பாவின் கூட்டாளி. பல வருடங்களாகத் தொழுகை நேரத்திற்கு மட்டுமே வந்து போனவர். அன்று பயான் முடியும்வரை இருந்தார். வெளியே செருப்பைத் தேடிக் கொண்டிருந்தபோது என் தோளைத் தொட்டுத் திருப்பி, தாளை உயர்த்திக் காட்டினார்.

"தம்பி, எழுத்தக் கொஞ்சம் பெரிசா எழுது. காது போனது போதும், கண்ணையும் ஏன் எடுக்கிற?"

இந்த வாரத்திலிருந்து பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

வஸ்ஸலாம்.